தண்ணிக்கே கத்தின செல்

கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்க... ஒரு சின்னக் கதை சொல்றேன். ஊரான் கதை இல்ல. என் மூஞ்சி வீங்கின கதை!

போன வருஷம் நம்ம ஜெயசீலி அக்கா புது வீட்டுப் பிரதிஷ்டை. ஜெபம் சின்னது... சாப்பாடு பெருசு. ஒன்பது வகை. இறால் தொக்கு மட்டும் மூணு தடவ கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியப் பாத்தா... உதடு ஒரு பக்கம் போகுது, கண்ணையே காணோம்!

நான் என்ன சொல்லியிருக்கணும்? "எனக்கு ஏதோ ஒத்துக்கல." அவ்வளவுதான? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த அக்கா சமையலே சரியில்ல!" நான்தான் சபை நடத்துற ஐயரு ஆச்சே. ஐயரு சொன்ன பிரசங்கம் வாசல் தாண்டாது... ஐயரு சொன்ன குத்தம் ஊரே சுத்தும்! பதினெட்டு வருஷமா சபை விருந்துக்குச் சமைச்சவங்கள அந்த வருஷம் யாரும் கூப்பிடல. அக்கா கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க.

ஆஸ்பத்திரியில பாத்துட்டு, "ஐயா, உங்களுக்கு இறால் ஒவ்வாமை"ன்னாங்க. அப்பவாவது புத்தி வந்துச்சா? "அந்த இறால வச்சது யாரு?"ன்னு கெத்தா இருந்தேன்.

அங்க ஆராய்ச்சி பண்ற டாக்டர் ஹெப்சிபா என்கிட்ட ரத்தம் கேட்டாங்க. "ஐயா, ரத்தத்துல டி செல்னு ஒண்ணு இருக்கு. 'எதிரி வந்துட்டான்'னு கத்தி ஆள் கூட்டுறது அதுதான். ஆனா அது முழு இறாலப் பாத்துக் கத்தாது. இறால் புரதத்துல ஏதோ ஒரு சின்னத் துண்டப் பாத்துதான் கத்தும். எந்தத் துண்டுன்னு கண்டுபிடிக்கணும்."

அந்தப் புரதத்த அம்பத்துநாலு துண்டா வச்சிருக்காங்க. ஒரு துண்டோட வால் அடுத்த துண்டோட தலையிலயும் இருக்கும். இல்லன்னா வெட்டுற இடத்துல குத்தவாளி தப்பிச்சிருவான் பாருங்க! தட்டு நிறைய சின்னச் சின்னக் குழி. குழிக்கு ஒரு துண்டு, அதோட என் செல். கத்தின செல் இருந்த இடத்துல நீலப் புள்ளி விழும். ஒரே ஒரு குழியில மட்டும் துண்டே கிடையாது... என் செல்லும் வெறும் தண்ணியும்தான்.

நான் சொன்னேன், "எதுக்கும்மா இவ்வளவு பாடு? இறால்தான் குத்தவாளின்னு எழுதிட்டுப் போங்களேன்!" அந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டே சொல்லுது: "மொத்தமாக் குத்தம் சொல்றதுக்கு ஆராய்ச்சி எதுக்கு ஐயா? வாய் போதுமே!" ...எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, எல்லாக் குழியிலயும் புள்ளி! நான் குதிச்சேன், "பாத்தீங்களா, எல்லாமே குத்தவாளி!" டாக்டர் தட்டத் தூக்கிக் குப்பையில போட்டாங்க. "ஐயா, தண்ணிக் குழியிலயும் புள்ளி இருக்கு. தண்ணிக்கே கத்துற செல்லோட சாட்சிய எப்படி நம்புறது? கைய நீட்டுங்க, இன்னொரு தடவ ரத்தம்!"

ரெண்டாந்தடவ தண்ணிக் குழி சுத்தம். புள்ளி விழுந்தது முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு... பக்கத்துப் பக்கத்துக் குழி. ரெண்டுக்கும் பொதுவான அந்த வால் துணுக்குதான் ஆளு! மிச்ச அம்பத்திரெண்டு துண்டும் என்ன ஒண்ணும் பண்ணல. மிச்ச எட்டு வகைச் சாப்பாடும் பண்ணல. சமைச்ச கை... சத்தியமா ஒண்ணும் பண்ணல. கத்தினது என் ரத்தம். பழி அக்கா தலையில.

அன்னைக்கே போனேன். எல்லாத்தையும் சொல்லி, "அக்கா, மன்னிச்சிருங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா உள்ள போனாங்க. ஒரு சொம்போட வந்தாங்க.

"இந்தாங்க ஐயா, தண்ணி. முதல்ல இதக் குடிங்க. இதுக்கும் மூஞ்சி வீங்கலன்னா... சோறு போடுறேன்!"

சிரிக்கிறீங்க... சரி. இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். புருஷன் பொண்டாட்டி சண்டையில "உங்க அம்மாவே இப்படித்தான்", "உங்க குடும்பமே இப்படித்தான்"னு சொல்றீங்களே, எந்தத் துண்டு? முப்பத்தொண்ணா? முப்பத்திரெண்டா? அப்ப அத மட்டும் சொல்லுங்க. மிச்ச அம்பத்திரெண்ட ஏன் வீட்ட விட்டுத் துரத்துறீங்க? அதுக்கும் முன்னால ஒரு சொம்பு தண்ணி குடிங்க. தண்ணிக்கே கோவம் வருதுன்னா... கோளாறு அவங்ககிட்ட இல்லய்யா!

இன்னைக்கு மத்தியானச் சபை விருந்துக்குச் சமையல் யாரு தெரியுமா? ஜெயசீலி அக்கா. எல்லாரும் சாப்பிட்டுட்டுதான் போகணும்.