பல்லு வலி பெஞ்சு

பொன்னுவேல்: பல்லு வலிதானுங்க. வேறென்ன... வேறொண்ணுமில்லீங்க.

ராசம்மாள்: எந்தப் பக்கமுங்க?

பொன்னுவேல்: இந்தப் பக்கம். கடவாப் பல்லு.

ராசம்மாள்: முன்ன என்னப் பாத்ததும் அந்தப் பக்கத்தையில்ல புடிச்சீங்க?

பொன்னுவேல்: ரெண்டு பக்கமும் தானுங்க, சம்பந்தியம்மா. நீங்க எங்க இந்தப் பக்கம்? வெள்ளக்கடையில இருந்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு...

ராசம்மாள்: மொழங்காலு வலி. எம் பையன் சித்தன் வண்டியில கொண்டாந்து உட்டுட்டு எஸ்டேட்டுக்குப் போயிட்டான்.

பொன்னுவேல்: காலு வலிக்கு முன்னாடி ரூமுன்னு எழுதியிருக்குதுங்களே?

ராசம்மாள்: அங்க ஒரே கூட்டம். இங்க காத்து வருது... அதெல்லாம் இருக்கட்டும், என் மருமக சிவரஞ்சனி எப்படி இருக்கறா?

பொன்னுவேல்: நிச்சயமே ஆவல, அதுக்குள்ள மருமகளுங்களா? சேர்வராயன் கோயில் திருவிழா முடியட்டுமுங்க. அவ நல்லா இருக்கறா. இன்னைக்குக்கூட வரேன்னுதான் சொன்னா. நாந்தான் வேண்டாம்னு...

ராசம்மாள்: உங்க பல்லுக்கு அவ எதுக்குங்க வரோணும்?

பொன்னுவேல்: ...தொணைக்குத்தானுங்க.

ராசம்மாள்: ஓ.

பொன்னுவேல்: ஏனுங்க, நொம்ப நாளா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். வாழவந்தியில எத்தனையோ பொண்ணு இருக்குது. அங்கப்பன் தரகரு எங்க ஊடு தேடி வந்து, பேரச் சொல்லியே கேட்டாரு. யாருங்க சொன்னது உங்களுக்கு?

ராசம்மாள்: தெரிஞ்சவங்கதான்.

பொன்னுவேல்: பொண்ணு பாக்க வந்தப்ப இவ உங்களப் பாத்துச் சிரிச்சாளே... நெடுநாள் பழக்கம் மாதிரி. அதுவும் எனக்கு...

ராசம்மாள்: அதோ பாருங்க, ஜீப்பு வந்துருச்சு.

பொன்னுவேல்: எந்த ஜீப்பு? எனக்கெதுக்குங்க ஜீப்பு?

ராசம்மாள்: சேலத்துல இருந்து மனசு டாக்டரு வர்ற ஜீப்பு. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இன்னைக்குப் பல்லு டாக்டரு வரமாட்டாரு.

பொன்னுவேல்: வரமாட்டாருங்களா?

ராசம்மாள்: அவரு வர்ற நாளு வேற. மனசு டாக்டரு ரூமுக்குப் பக்கத்து ரூமு பல்லு ரூமாப் போச்சு பாருங்க, அதனால இன்னைக்கு இந்த பெஞ்சுல உக்கார்றவங்க அத்தன பேருக்கும் பல்லு வலிதான். நீங்க இதுக்குப் புதுசு போலிருக்குது.

பொன்னுவேல்: ...எனக்கில்லீங்க. சொந்தக்காரரு ஒருத்தரு, அவரு புள்ளைக்கு. மாத்திரை வாங்கியாரச் சொன்னாரு.

ராசம்மாள்: அப்படிச் சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்?

பொன்னுவேல்: இதுக்கெல்லாம் யாருங்க செலவு பண்றது? நம்மகிட்ட ஒண்ணுமே வாங்கறதில்லையாமே?

ராசம்மாள்: டெல்லியில இருந்து கொஞ்சம், சென்னையில இருந்து கொஞ்சம் வருதாம். மாவட்டத்துக்கு ஒரு குழு. டாக்டரு, நர்ஸம்மா, பேசறதுக்குன்னே ஒருத்தரு. ஒரே வண்டி. அது இன்னைக்கு நம்ம மலை, நாளைக்கு வேற ஊருன்னு ஜில்லா பூராச் சுத்துது.

பொன்னுவேல்: பேசறதுக்கு ஒரு ஆளா? அதுக்குச் சம்பளமா?

ராசம்மாள்: நாம பேசறதக் கேக்கறதுக்குங்க.

பொன்னுவேல்: எங்கூட்டுல நான் அத சும்மாவே பண்ணிட்டிருக்கறேன்.

ராசம்மாள்: உங்க சம்சாரத்துகிட்ட சொல்றேன், இருங்க. ...போன மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சுதே, ஞாபகமிருக்குதுங்களா? பஸ்ஸே வரல. இவங்க குப்பனூரு வழியாச் சுத்தி வந்து சேந்தாங்க. இங்க காத்துட்டிருந்தது நாலே பேரு. அந்த நாலு பேரையும் உக்கார வெச்சு, அவசரமே படாம பேசினாங்க. எனக்குக் கையெடுத்துக் கும்பிடோணும்னு இருந்துச்சு.

பொன்னுவேல்: சென்னையில இருக்கறவனுக்கு வாழவந்தி எங்க இருக்குதுன்னே தெரியாது. மாத்திரை மட்டும் மலையேறி வந்துருது பாருங்க. பெரிய காரியந்தானுங்க. முந்தியெல்லாம் இந்த மாத்திரைக்கு சேலம் போகோணும், ஒரு நாளு வேலை போச்சு... ஆமா, உங்களுக்கு எப்படி இத்தன வெவரம்?

ராசம்மாள்: காலு வலிக்குக் காத்திருக்கையில காதுல உழுந்ததுதான். அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குது?

பொன்னுவேல்: தூங்காம, திங்காம, கதவச் சாத்திட்டுக் கெடந்தாளுங்க. சாமி குத்தம்னு மந்திரிச்சுப் பாத்தோம்... பாத்தாங்க. அப்பறம் அவளே பஸ்ஸேறி இங்க வந்தா, மாசாமாசம். இப்ப மிளகு பறிக்கப் போறா, பாட்டுகூடப் பாடறா. அவ மறுபடியும் சிரிச்ச அன்னைக்கு நான் தோட்டத்துல உக்காந்து அழுதுட்டனுங்க.

ராசம்மாள்: நீங்களா?

பொன்னுவேல்: ...அவ அப்பன்.

ராசம்மாள்: ம்.

பொன்னுவேல்: ஆனா மாத்திரைய நிறுத்திரலாமான்னு கேக்கச் சொல்லியிருக்கறாரு. புள்ளைக்குக் கல்யாணம் வருது. போற எடத்துல மாத்திரையப் பாத்தாங்கன்னா?

ராசம்மாள்: நல்லாப் போயிட்டிருக்கறத நிறுத்தி, மறுபடி அவ கதவச் சாத்திக்கிட்டா?

பொன்னுவேல்: அதுதானுங்க எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.

ராசம்மாள்: மாமியாக்காரி அத்தன பொல்லாதவளா?

பொன்னுவேல்: நொம்ப நல்லவங்கங்க. அதுதான் பயமே. இப்படி ஒரு எடம் கைய உட்டுப் போயிருச்சுன்னா...

சௌமியா: ராசம்மா, உள்ள வாங்க. போன மாசத்துக்கு இப்ப முகம் தெளிஞ்சிருக்குதே!

ராசம்மாள்: ஒரு நிமிசம், நர்ஸம்மா. இவருகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்தர்றேன்.

பொன்னுவேல்: சம்பந்தியம்மா... அந்த ரூமுக்கா? நீங்களா?

ராசம்மாள்: நாந்தான். சித்தனோட அப்பா தவறிப் போனதுல இருந்து. மொத மொறை வந்தப்ப இதே பெஞ்சுல அழுதுட்டிருந்தேன்.

பொன்னுவேல்: எங்ககிட்ட ஒரு வார்த்தை...

ராசம்மாள்: பைத்தியக்கார மாமியான்னு பொண்ணு தரமாட்டீங்களோன்னு நானும் பயந்தேன். சித்தனுக்கு எல்லாம் தெரியும், என்னப் பத்தியும், அவளப் பத்தியும்.

பொன்னுவேல்: அவளப் பத்தியா? எவளப் பத்திங்க?

ராசம்மாள்: அன்னைக்கு ஒரு புள்ள பக்கத்துல வந்து உக்காந்து, 'எனக்குச் சரியாயிட்டு வருதுங்கம்மா, உங்களுக்கும் ஆயிரும்'னு என்ன உள்ள கூப்பிடற வரைக்கும் கையப் புடிச்சுட்டே இருந்துச்சு. நான் இங்க வர்றத அவ இன்னைக்கு வரைக்கும் பெத்த அப்பன்கிட்டகூட சொல்லல பாருங்க. அவ பேரக் கேட்டுட்டுப் போயித்தான் அங்கப்பனக் கூப்பிட்டேன். அதனால மாத்திரைய நிறுத்தச் சொல்லி உள்ள வந்து கேக்காதீங்க, சம்பந்தி. அடுத்த மாசம் நீங்க ஊட்டுல இருங்க, அவளே வரட்டும். கல்யாணத்துக்கப்பறம் நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வந்துக்கறோம்.