பார்வையாளர் தலையிடக் கூடாது

படிவம் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். என் வயதுக்காரர்கள் குறுக்கெழுத்துப் போடுவார்கள், தோட்டத்தில் ரோஜாவோடு மல்லுக்கட்டுவார்கள். எனக்கு ஒரு நல்ல படிவமும் கறுப்புப் பேனாவும் கிடைத்தால் போதும், பொழுது போய்விடும். நீங்கள் கொடுத்த இந்த வாக்குமூலப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் மட்டும் கொஞ்சம் சின்னது. ஹாஸ்லிங்ஷா பிள்ளை பார்ப்போர் சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று முழுதாக எழுத இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

பெயர் க்ளெண்டா ஹார்க்ரீவ்ஸ். வயது அறுபத்திரண்டு. நானும் பதினெட்டு வருஷம் என் வீட்டில் வைத்து ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள்தான். அதன்பிறகு ஒன்பது வருஷமாகச் சங்க வேலை. சங்கம் என்றால் கேக்கும் தேநீருமாகக் கூடிக் கதை பேசும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போகும் தாய்மார் யாரிடம் பிள்ளையை விடலாம் என்று கேட்டால், நகராட்சி எங்கள் பட்டியலைத்தான் கொடுக்கும். இந்தச் செப்டம்பரிலிருந்து ஆஸ்பத்திரியும் அதையே பிடித்துக்கொண்டது. பட்டியலில் பெயர் இல்லாதவளிடம் தன் ஊழியர்கள் பிள்ளையை விடக் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறார்கள்.

பட்டியலில் சேர நான்கு தகுதிகள் வேண்டும். பிள்ளை வளர்ப்பில் மூன்றாம் நிலைச் சான்றிதழ். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, இரண்டு சனிக்கிழமை, பன்னிரண்டு மணி நேரம். பாதுகாப்பு வகுப்பு. இவையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நான் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். முதலுதவி வகுப்பை எடுப்பதும் நான்தான். நூற்று நாற்பது பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கொரின் டாட்டர்சால் எனக்கு அடுத்த தெரு. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ரொட்டிக் கடையில் நின்றவள். பதினான்கு வருஷமாகப் பிள்ளை பார்க்கிறாள். அதற்கான அரசாங்கப் பதிவு இருந்தது, வேறு படிப்பு எதுவும் இல்லை. அவள் வீட்டுக் கதவுக் குமிழில் எப்போதும் ஜாம் ஒட்டியிருக்கும். நடையில் சின்னச் சின்ன மழைச்செருப்புகள் ஜோடி மாறிக் கிடக்கும். ஆனாலும் தாய்மார் அவளிடம்தான் போய் விழுந்தார்கள். வியாழக்கிழமைகளில் மெதடிஸ்ட் கோவில் கூடத்தில் நாங்கள் எல்லாரும் பிள்ளைகளோடு கூடுவோம். நான் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு அவள் மடியில் ஏற வரிசையில் நிற்கும். நான் வீட்டில் பிள்ளை பார்ப்பதை நிறுத்தியது சங்க வேலைக்காக என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் வரவில்லை, அதனால்தான் நிறுத்தினேன்.

கடைசியாக என்னிடம் வந்தவன் ரோவன். அவன் அம்மா பெயர் ஜோடி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்காக மறுபடியும் என் வீட்டைத் திறந்தேன். அப்போது அவனுக்கு ஐந்து மாதம். மூன்று வாரம் என்னிடம் இருந்தான், மூன்று வாரமும் அழுதான். பசி இல்லை, காய்ச்சல் இல்லை, ஈரம் இல்லை. எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் அழுவான், அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை கோவில் கூடத்தில் கொரின் அவனை என் கையிலிருந்து வாங்கினாள். உடனே நிறுத்திவிட்டான்.

ஜோடி மறுநாள் வாசலிலேயே நின்று பேசினாள். “தப்பா எடுத்துக்காதீங்க க்ளெண்டா. உங்க வீடு அவனுக்கு ஒத்துக்கல, அவ்ளோதான். கொரின் கிட்ட போனதும் கப்சிப்னு ஆயிட்டான் பாருங்க, வாலு.”

“அம்மா நீ. நீ சொல்றதுதான் சரி, கண்ணு” என்றேன். அவனுடைய துணிகளை மடித்து, பையில் போட்டு, குறிப்பேட்டையும் கொடுத்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. கொரின் மேல் எரிந்ததை நீங்கள் எளிதில் நம்புவீர்கள். ஐந்து மாதக் குழந்தை மேலும் எரிந்தது. அவன் வேண்டுமென்றே செய்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியின் புதிய விதியைப் போன வருஷம் அறிவித்ததும் கொரின் ஒதுங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். பட்டியலில் சேராவிட்டால் செப்டம்பரில் ரோவனை விட்டுவிட வேண்டும், அவன் வேறு யாரிடமும் தூங்க மாட்டான், அதுதான் அவள் கவலை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். மூன்றாம் நிலைக்கான கோப்பை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள்.

“மூள துருப்பிடிச்சுப் போச்சு க்ளெண்டா. இஸ்திரிப் பலகை மேல வெச்சு எழுதினேன். எட்டாம் பக்கத்தப் பாத்துத் திருப்புங்க, அங்க யாரோட சட்டைக் காலராவது ஒட்டிக்கிட்டிருக்கும்.”

தேதிகள் வரிசையில் இல்லை என்று ஒருமுறை திருப்பிக் கொடுத்தேன். பென்சிலில் எழுதியிருக்கிறாள் என்று ஒருமுறை. பிள்ளைகளின் முழுப் பெயரைப் போட்டிருக்கிறாள், முதலெழுத்து மட்டும்தான் போட வேண்டும் என்று ஒருமுறை. மூன்று முறையும் முதலிலிருந்து எழுதினாள். தேறியும்விட்டாள். ‘இப்படி ஒருவரை என் வகுப்பில் பார்த்ததில்லை’ என்று அவளுடைய ஆசிரியை எழுதிக் கொடுத்த கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கோப்பில் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டும் என்று விதியும் இல்லை.

பாதுகாப்பு வகுப்பையும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது முதலுதவி. மார்ச்சில் இடமில்லை என்றேன், அது உண்மை. ஏப்ரலிலும் இல்லை என்றேன். மே மாதம் நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. நானே மடித்துச் சுவரோரம் சாத்தினேன்.

“இன்னும் எடம் வரலியா?” என்று கேட்டாள். “என் பழைய சர்டிபிகேட் பிப்ரவரியோட முடிஞ்சிருச்சு. அதுல என்ன படிச்சேன்னும் மறந்துபோச்சு. ஒரு ரப்பர் பொம்மைக்கு முத்தம் குடுத்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. எம் புருஷனுக்குக்கூட அவ்ளோ நேரம் குடுத்ததில்ல.”

“அடுத்த வகுப்புல உன் பேருதான் மொதல்ல கொரின். அதுக்குள்ள பாக்குற வேலைய முடிச்சிரலாம். செவ்வாக்கிழம வரேன்.”

“மொதலுதவி முடிச்சாத்தான் வீட்டுக்கு வருவீங்கன்னு போட்டிருக்கே?”

“உனக்காக மாத்திக்கலாம்.”

“நீங்க தங்கம் க்ளெண்டா” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையைச் சும்மா சொல்லவில்லை. அன்று அவளிடம் ரோவன் ஒருவன்தான் இருப்பான்.

பார்வை நாளுக்கு ஒரு விதி உண்டு. பார்வையாளர் ஓரமாக உட்கார வேண்டும், பேசக் கூடாது, உதவக் கூடாது, தலையிடக் கூடாது. பிள்ளைகள் அவரை மறந்துவிட வேண்டும். அந்த விதியை எழுதியது நான். முதலில் ‘பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால் தவிர’ என்றும் இருந்தது. வாக்கியம் நீண்டுவிட்டது என்று இந்த மே மாதம் எடுத்துவிட்டேன்.

இதுவரை சொன்னது உங்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். இனிச் சொல்வது தெரியாதது. பார்வைப் படிவத்தில் நான்காம் பக்கத்தில் ஏழாம் கேள்வி, ‘எதிர்பாராத நிகழ்வை எப்படிக் கையாளுகிறார்.’ இரண்டு மணி நேரத்தில் எதுவும் தானாக நிகழாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகிவிடும். அதனால் நானே எதையாவது செய்துவைப்பது வழக்கம். ஒருத்தி வீட்டில் பாலைத் தட்டிவிட்டேன். ஒருத்தி வீட்டில் ஒரு பிள்ளையின் செருப்பை என் பைக்குள் ஒளித்து வைத்தேன். அவர்கள் தேறினார்கள். கொரின் வீட்டுக்கு ஒரு திராட்சை கொண்டுபோனேன்.

முந்தின நாள் சந்தையில் பொறுக்கி எடுத்தது. கறுப்பு, பெரியது, விதையில்லாதது. தொண்டையில் அடைத்துவிடக் கூடாதென்று கொரின் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுப்பாள், அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் வீட்டில் அன்று திராட்சையே இல்லை. எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஐந்து மாதமாகத் தேடுகிறீர்கள். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றி இருந்தது.

பத்தரைக்கு மேல் கொரின் வாழைப்பழமும் ரொட்டியும் எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். போகும்போது பாடிக்கொண்டே போனாள், அவள் எங்கே இருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிவதற்காக. அதை நல்ல பழக்கம் என்று மூன்றாம் பக்கத்தில் குறித்தேன். ரோவன் தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு மாதம். என்னைப் பார்த்தான். எழுந்து தத்தித் தத்தி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னைப் பார்த்து அவன் அழாதது அதுதான் முதல் தடவை. நான் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

பத்து நாற்பத்திரண்டு. கொரின் தட்டோடு வந்தாள். தட்டு கீழே விழுந்தது. அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். அது தவறு, இன்னும் உள்ளே தள்ளும். குறித்தேன். தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினாள். அதுவும் தவறு. பிறகு அவனை அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்து மண்டியிட்டாள்.

“க்ளெண்டா, என்ன பண்ணணும், சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமே. உங்களுக்குத் தெரியும்ல. சும்மா பாத்துக்கிட்டிருக்கீங்களே, கடவுளே, சொல்லுங்க.”

பத்து நாற்பத்து மூன்று. நான் பதில் சொல்லவில்லை, பேசினால் பார்வை செல்லாது. தொலைபேசி என் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. அவள் பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, என் மடிக்குக் குறுக்கே மறுகையை நீட்டி அதை எடுத்தாள். அதற்குத் தோதாகப் படிவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் பத்து ஐம்பத்து நான்கிற்கு வந்தது. அவன் அதற்குள் இறந்துவிட்டிருந்தான். ஏழாம் கேள்விக்கு எதிரே ‘தகுதி போதாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவள் காப்பாற்றியிருந்தால் அன்றைக்கே பட்டியலில் சேர்த்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் யாருக்கும் கட்டம் மாற்றி டிக் போட்டதில்லை.

மரண விசாரணையில் கொரின் என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தத் திராட்சை வேறு யாரோ ஒரு தாயின் பையிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில் கிடந்திருக்கும், தான் சரியாகப் பெருக்கவில்லை, தன்னால்தான் போனான் என்றாள். ஜோடி விசாரணை மன்றத்தின் வெளிப்படியில் எல்லார் முன்னாலும் அவள் முகத்தில் துப்பினாள். கொரின் துடைக்கக்கூட இல்லை. அவளுடைய பதிவை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டுத் திரை திறந்து நான் பார்க்கவில்லை. நான் அந்த வழியாகத்தான் தினமும் போகிறேன்.

அதோடு எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். நான் இங்கே காவல் நிலையம்வரை வந்திருக்கவும் வேண்டியதில்லை. போன வாரம் விசாரணை அதிகாரியின் அறிக்கை வந்தது. உங்களிடம் பிரதி இருக்கும். பதினொன்றாம் பக்கத்தைப் பாருங்கள். ‘பார்வையாளர் திருமதி ஹார்க்ரீவ்ஸ், உரிய தகுதி பெற்றிருந்தும், அதிர்ச்சியில் உறைந்து தான் கற்றதை மறந்துபோனார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் அவரது முதலுதவிச் சான்றிதழை நிறுத்திவைத்து, தொடக்கநிலைப் பயிற்சியில் மீண்டும் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.’

தொடக்கநிலை. இரண்டு சனிக்கிழமை, என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு முன்னால், ரப்பர் பொம்மையோடு.

நான் உறைந்துபோகவில்லை. எதையும் மறக்கவில்லை. பிள்ளையைத் தொடைமேல் குப்புறச் சாய்த்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பத்து நாற்பத்து மூன்றிலிருந்து அதை மனதுக்குள் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன், சரியான இடைவெளி விட்டு. அந்த அளவுத் திராட்சை மூன்றாவது தட்டிலேயே வெளியே வந்திருக்கும். என் கை அவனிடமிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது.

ஆகவே திருத்தம் இதுதான். ‘மறந்துபோனார்’ என்பதை அடித்துவிட்டு, ‘நன்றாகத் தெரிந்தும் செய்யவில்லை’ என்று போடுங்கள். திராட்சையைக் கொடுத்ததும் நான்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், சான்றிதழில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்றபடி, பிள்ளைகள் மேல் நான் உயிரையே வைத்திருப்பவள் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை, அப்படியே இருக்கட்டும்.