கடைசி மூன்று கிலோமீட்டர்

எனக்குச் சாமானியத்தில் கோபம் வராதுங்க. பன்னிரண்டு வருஷமாகச் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறேன்; இதுவரை ஜெயித்தது ஒரு பிரஷர் குக்கர், அதுவும் ஜவுளிக்கடைக் குலுக்கலில். எங்கள் அணித்தலைவன் ஷெர்வினுக்கு முன்னால் ஓட்டி எதிர்காற்றை வாங்குவதும், தண்ணீர் பாட்டில் சுமப்பதும்தான் என் வேலை. எதிரணி முஜீப் என்னைத் 'தண்ணி லாரி' என்பான்.

விசாரணைக் குழு கேட்பதால் சொல்கிறேன். ஐந்து நாள் பந்தயம். எல்லா நாளும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்தவனுக்கு மஞ்சள் பனியன். நாலாம் நாள், உடுமலைப்பேட்டையிலிருந்து பெருந்துறை. மஞ்சள் பனியன் ஷெர்வின் மேல் இருந்தது, ஆறே வினாடி முன்னிலையில். அது கைவிட்டுப் போனால் அணியைக் கலைத்துவிடுவதாக, எங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் மில் முதலாளி சொல்லியிருந்தார்.

ஐந்து கிலோமீட்டர் பாக்கி இருக்கையில் ஷெர்வினுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கூட்டத்தின் வாலில் தொங்கினான்.

"முடியலைங்ணா. நீங்க போங்க."

"பேசாம என்ற சக்கரத்தையே பாத்துட்டு வா கண்ணு."

விதி உங்களுடையதுதான். கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விபத்து நடந்தால், விழுந்தவன், அதில் மாட்டி நின்றவன், எல்லோருக்கும் அவர்கள் இருந்த கூட்டத்தின் நேரமே கிடைக்கும். ஷெர்வினுக்குத் தேவைப்பட்டது ஒரு விபத்து.

அப்போது முஜீப் என் பின்சக்கரத்தை ஒட்டி வந்தான். "சின்னப்பண்ணா, லாரிக்கு இன்னிக்கு லோடு ஜாஸ்திங்களா?"

சிரித்தேன். தங்கமான பையன். என் மகள் ஜோவிதாவின் முதல் சைக்கிளுக்குப் பிரேக் பூட்டிக் கொடுத்ததே அவன்தான்.

நான் அவசரப்படவில்லை. மூன்று கிலோமீட்டர் பலகை தாண்டும்வரை பொறுத்தேன். அதற்கு முன்னால் விழுந்தால் முஜீபுக்கும் நேரம் போய்விடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தாண்டியதும் திரும்பிப் பார்த்து, அவன் முன்சக்கரத்தில் என் பின்சக்கரத்தை ஒரு வெட்டு வெட்டினேன். அவன் நடுரோட்டில் விழுந்தான். பின்னால் வந்த ஷெர்வின் பிரேக் அடித்து நின்றான். பனியன் தப்பியது. மறுநாள் கோபிசெட்டிபாளையத்தில் கோப்பையும் வந்தது.

முஜீபுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம். வாழ்நாள் தடையே போடுங்கள். அப்பீல் போக மாட்டேன். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். விதியை உங்களில் யாரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் நான்.

முடிவுப் பட்டியலை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அவனிடம் காட்டினேன்.

"பாரு கண்ணு, உனக்கு ஒரு வினாடிகூடப் போகலை."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வலி போலிருக்கிறது.