குழல்வாய்மொழி வீட்டுக்கு யார் போனீர்கள்?

தலைமை தாங்கும் பண்ணையார் பால்வண்ணநாதன் அவர்களே! மூன்றாண்டுகளாக என்னை இந்த மேடைப் பக்கம் அண்டவிடாமல் காத்த செயலாளர் சங்கரபாண்டி அவர்களே! தென்காசிப் பெரியோர்களே! சாரலில் நனைந்த சேலையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இளைஞர் வழித்துணை மன்றத்தின் ஐந்தாண்டுத் திட்டம் பற்றிப் பேச அழைத்தீர்கள். எழுதி வந்த உரை பையில் கிடக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. வாசலில், முன்பு என்னோடு மன்றத்துக்காக வீடு வீடாக வந்த ஷரீபுன்னிசா டீச்சர் என்னை மறித்தார்.

"அண்ணாச்சி, நம்ம குழல்வாய்மொழிக்கு இன்னைக்கு ஆறு மணிக்குப் பரிசம் போடுதாங்க! இனிமே படிப்பு வேண்டாமாம்!"

எந்தக் குழல்வாய்மொழி? ஆசிரியப் பயிற்சிக்கு இடம் வாங்கி, திங்களன்று பாளையங்கோட்டையில் சேர வேண்டிய இலஞ்சிப் பெண்! இதே மேடையில் நீங்கள் பொன்னாடை போர்த்திய பெண்!

சேதி கேட்டதும் டீச்சர் பதறி அவள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். தகப்பனார் கேட்டாராம்: "நீங்கதான் வாரதையே நிறுத்திட்டீங்களே டீச்சர். மன்றம் எம்பிள்ளைய கைவிட்டுட்டுன்னு நினைச்சேன்."

கேட்டீர்களா? நிறுத்தியது யார்?

இந்த மன்றம் மண்டபத்தால் வளர்ந்ததா? மின்விசிறியால் வளர்ந்ததா? வாரந்தோறும் வீடு தேடிப் போனோம். பிள்ளையிடம் பேசினோம், பெற்றவரிடம் பேசினோம். அதுதான் நம் பலம். அது ஒன்றே பலம்! மண்டபம் எழுந்ததும் தீர்மானம் போட்டீர்கள்: 'இனி நாம் போவது கௌரவமில்லை, அவர்கள் வரட்டும்.' பையன்கள் வந்தார்கள், கேரம் ஆடினார்கள். வயது வந்த பெண்ணை எந்தத் தகப்பன் அனுப்புவான்? எதிர்த்தேன். என்னை நீக்கினீர்கள்.

தலைவர் மணியடிக்கிறார், "திட்டத்துக்கு வாரும் வேய்" என்கிறார். ஐயா, அங்கேதான் நிற்கிறேன்!

என்னை உலுக்கியது பரிசம்கூட அல்ல. செயலாளருக்கு முன்பே தெரியும்! வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறார்கள். கேட்டால், "நல்ல காரியம்தானே" என்கிறார். நல்ல காரியமா? நாம் ஏற்றிய விளக்கை நாமே ஊதி அணைப்பது நல்ல காரியமா?

தகப்பனார் கடைசியாகச் சொன்னாராம்: "மன்றத்துல இருந்து நாலு பேரு வந்து நின்னா, மாப்பிள்ளை வீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

மணி நாலரை. பின்வரிசையில் ஒரு குரல், "தலைவர் கார் வெளிய நிக்கி அண்ணாச்சி!" நன்று, தம்பி! திட்டம் கேட்டீர்களே, இதோ திட்டம்: போவோம்! இன்று இலஞ்சிக்குப் போவோம்! நாளை வடகரைக்குப் போவோம்! பிள்ளை இருக்கும் வீட்டுக்கெல்லாம் மறுபடி போவோம்!

ஆகா, தலைவரே எழுந்துவிட்டார்! டீச்சர், வாருங்கள். செயலாளர் அவர்களே, நீங்கள் முன்னால் ஏறுங்கள். அழைப்பு உங்களுக்குத்தானே வந்திருக்கிறது!

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. கொஞ்சம் வழி விடுங்கள். வணக்கம்.