போனில் கேட்ட டர்போ

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் செல்போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“சேகரு, போன ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கினு ஆக்சிலேட்டர மிதி!”

எங்கள் பஸ் போட்ட சத்தத்தில் அவருக்கு என்னதான் கேட்டதோ, கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்திலிருந்த மனைவி சொன்னார்: “சவுதிய வுட்டு வந்தாச்சு. அந்த பிக்கப் வண்டிய இப்ப அங்க சேகருதான ஓட்டுறான்? வுடுங்களேன்.”

“இஞ்சினுல நான் மாத்துன டர்போடி அது! கியர்பாக்ஸு சூடாவாம தனியா கூலரும் போட்டேன். கியரு தானா மாறும், மாறுனதே உனக்குத் தெரியாது. இங்க லாரியில பீங்கான் லோடு ஏத்திக்கினு ஊர்ந்துகினு கெடக்கறேன்.”

“அங்க இருந்தப்ப, பாப்பா அழுவுறத கேக்கணும், போன கிட்ட வையின்னு கெஞ்சுனீங்க.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“அந்த அரபி மொதலாளி திரும்ப கூப்புடுறாரா?”

“வந்தா வண்டிய என்கிட்டயே குடுக்கறாராம். இன்னிக்கி பதில் சொல்லணும்.”

அந்த அம்மா போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கேட்டார்.

“சத்தம் நல்லாத்தான் இருக்குது,” என்று திருப்பிக் கொடுத்தார். “போவாதீங்க.”