வாசலில் நின்ற லொறி

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு வலது கையில் மாக்கட்டு. மற்றவரின் நகங்களில் கிரீஸ் கறை.

"ஒங்க கைய ஒடச்சது நான்தாண்ணே," என்றார் கிரீஸ்காரர்.

"எஞ்சின்தான் ஒதச்சிச்சு. நீ என்னா செஞ்ச?"

"லொறி மேடு இழுக்கலனு சொன்னீங்க. டிஸ்ட்ரிபியூட்டரத் திருப்பி, பொறி விழுற டைமிங்க முன்னுக்கு வச்சேன். அப்பிடி வச்சா, முன்னால ஹேண்டில் போட்டுக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்றப்ப திருப்பி அடிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா பேட்டரி செத்த வண்டி, நீங்க எப்பவும் எறக்கத்துலதானே நிப்பாட்டுவீங்க. உருட்டி விட்டே ஸ்டார்ட் பண்ணுவீங்க. அதனால சொல்லாம விட்டுட்டேன்."

மாக்கட்டுக்காரர் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத் தோட்டத்து மேல்லயத்து வீட்டுப் புள்ளைக்குப் பிரசவ வலி. எறக்கம் வரைக்கும் அவளால நடக்க முடியல. லொறிய லயத்து வாசலுக்கே கொண்டு போனேன். அங்க சமதரை. அவள ஏத்துறதுக்குள்ள எஞ்சின் நின்னுருச்சு. உருட்ட வழியில்ல, ஹேண்டில்தான் போட்டேன்."

"டைமிங்க பழையபடி வச்சிரவாண்ணே? மேடுதான் இழுக்காது."

"வச்சிரு. மேட்டுல மெதுவாவே போகட்டும்."

மாக்கட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டார்.

"அடுத்த தடவையும் நான் வாசல்லதான் நிப்பாட்டுவேன்."