கோழி மசாலாவில் பூசணிக்காய்

என்ன மாப்ள, இலையைப் பார்த்ததும் முகம் சுருங்குது? கோழி மசாலா வாசனைய நம்பி உக்காந்தீங்க, வந்து விழுந்தது பூசணிக்காய். எங்களக் கஞ்சப்பயலுகன்னு நினைச்சுடாதீங்க. பொண்ணுக்குச் சித்தப்பன் நான் சொல்றேன், சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இதே குமிழங்கொல்லையில சடையாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். மூங்கில் வில்ல எடுத்தார்னா குறி தப்பாதாம். அவர் தங்கச்சி வெள்ளச்சிய எதிர்மலையில வேடிங்கிற பையனுக்குப் பேசி முடிச்சாங்களாம். அப்ப ஒரு வழக்கம். மாப்பிள்ளை காட்டுச்சேவல் அடிச்சுக் கொண்டாந்து மாமியார் கையில குடுக்கணும். குடுக்கலன்னா பொண்ணு கிடையாது.

வேடி தங்கமான ஆளு. வில்லுதான் வராது. சேவல் மாதிரி கூவச் சொன்னா மட்டும் அசல் சேவலே ஏமாந்து போகுமாம்.

சடையாண்டிக்கு மனசு கேக்கல. "இவன் எங்க அடிக்கப் போறான்? நாமளே ஒண்ண அடிச்சு அவன் கையில திணிச்சுருவோம்"னு, யாருக்கும் சொல்லாம விடிகாலையில காட்டுக்குப் போயிட்டாராம். புதருக்குள்ள தரையோட தரையா ஒட்டிக்கிட்டு, சேவல் மாதிரி கூவினாராம். அந்தப் பக்கம் ஒரு சேவல் பதில் குடுத்துச்சாம். இவர் ஊர்ந்தார், கூவினார். அது பதில் குடுத்துச்சு. இன்னும் ஊர்ந்தார், கூவினார். இன்னும் கிட்டத்துல பதில் வந்துச்சாம்.

தழைக்கு நடுவுல செவப்பா கொண்டை தெரிஞ்சுது. நாணை இழுத்தார் பாருங்க...

"யம்மாடி! கடிக்குதே!"

சேவல் பேசுதுய்யா! சடையாண்டி திடுக்குன்னு நாணை விட்டுட்டார், அம்பு பறந்து போச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா, வேடி! அவனும் சேவலைத் தேடி வந்து கட்டெறும்புச் சாரையில படுத்துட்டு, துள்ளி எந்திரிச்சிருக்கான். கொண்டைன்னு நினைச்ச செவப்புத் தலப்பா அம்போட மரத்துல குத்திக்கிட்டு நிக்குது. தலை பத்திரமா கழுத்துலதான் இருக்கு.

"மச்சான், நீங்களா கூவுனீங்க?"

"நீயாடா பதில் குடுத்த?"

ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்களாம், சிரிச்சாங்களாம். அந்தச் சத்தத்துல காட்டுல இருந்த கோழியெல்லாம் பறந்தே போச்சாம்.

வெறுங்கையோட வந்து நின்னாங்க. மாமியார்க்காரி மசாலா அரைச்சு வச்சுட்டு, "சேவல் எங்கப்பா?"ன்னு கேட்டாளாம். சடையாண்டி தலப்பாவ நீட்டினார். அவ அந்த ஓட்டையில விரலை விட்டுப் பார்த்தா. உக்காந்து ஓன்னு அழுதா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சேவலாவது மண்ணாங்கட்டியாவது, எம்புள்ள உசுரோட வந்தானே"ன்னு, கூரை மேல கெடந்த பூசணிக்காயை அறுத்து அந்த மசாலாவுல போட்டாளாம்.

அன்னையிலேருந்து எங்க ஊருக்கு வர்ற மாப்பிள்ளைக்கு மொத விருந்து இதுதான். காட்டுக்குள்ள போறவங்களும் முதல்ல தம்பேரைச் சத்தமா சொல்லிட்டுத்தான் போவாங்க.

வேடி வீட்டோட மாப்பிள்ளையா இங்கயே தங்கிட்டான். நாங்க அத்தனை பேரும் அவன் வம்சம்தான். அன்னைக்கு அந்த எறும்பு கடிக்கலன்னா, பக்கத்துல உக்காந்து சிரிக்கிறாளே உங்க பொண்டாட்டி, அவ ஏது மாப்ள?

பார்த்தீங்களா, இலை காலியாயிடுச்சு. இன்னொரு கரண்டி போடச் சொல்லவா?